புது லேப்டாப்புல கடைக்காரர் ஏத்தித் தந்த விண்டோஸ் ஒரிஜினலா டூப்ளிகேட்டா, எப்டி கண்டுபிடிக்கிறது?

உசிலை_பாண்டி

வணக்கம் மக்களே. தங்கச்சி காலேஜுக்குன்னு மதுரையில ஒரு கடையில புது லேப்டாப் எடுத்தோம், கடை பேரு வேணாம், ரொம்ப பெரிய கடையும் இல்ல சின்ன கடையும் இல்ல. காசு கட்டுனதும் பெட்டிய நம்ம கையில தரல, "அண்ணே அப்டியே விளக்குத்தூண் பக்கம் போயி ஒரு ஜிகர்தண்டா சாப்ட்டு வாங்க, அதுக்குள்ள சாப்ட்வேர் எல்லாம் ஏத்தி வச்சிர்றோம்"னு சொல்லி உள்ள தூக்கிட்டு போய்ட்டாய்ங்க. திரும்ப வந்து பாத்தா விண்டோஸ் 11 ப்ரோ, ஆபீஸ், போட்டோஷாப்பு, ஏதோ ஒரு ஆன்டிவைரஸ்னு திரை நெறைய ஐகானா கெடக்கு, அதுக்கு தனியா 1500 ரூவா, அந்த 1500க்கு பில்லு கெடையாது. லேப்டாப் பில்லுல மாடல் நம்பரும் 18 சதவீத ஜிஎஸ்டியும் மட்டும்தான் இருக்கு, விண்டோஸ்னு ஒரு வார்த்தைய காணோம்.

வீட்டுக்கு வந்த மச்சான் பாத்துட்டு, இது டூப்ளிகேட்டு, பெட்டியோட ஒரிஜினல் வந்துருக்கும் அத அழிச்சுட்டு இத போட்டுருக்காய்ங்கன்னு சொல்றான். கடைக்கு போன் அடிச்சா "ஆக்டிவேட் ஆயிருக்கா இல்லையா பாருங்க, ஆயிருந்தா ஒரிஜினல்தாண்ணே"ங்கிறாய்ங்க. செட்டிங்ஸ்ல போயி பாத்தேன், ஆக்டிவ்னு பச்சை டிக்கோட நிக்கிது. இப்ப யாரு சொல்றத நம்ப? நான் லாரி பாடி கட்டுற பட்டறை வச்சிருக்கவன், கம்ப்யூட்டர்ல பில்லு அடிக்க தெரியும் அம்புட்டுதான், கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லுங்க.

கோரிப்பாளையம்_கிங்

அண்ணே ஓடுதுல்ல? ஓடுற வண்டிய நிப்பாட்டி எதுக்கு பானட்ட தெறந்து பாக்குறீக. ஊர்ல முக்காவாசி சிஸ்டம் இப்டித்தான் ஓடுது. தங்கச்சி அசைன்மென்ட் அடிக்க, படம் பாக்க எது இருந்தா என்ன.

சிம்மக்கல்_சர்வீஸ்

கிங்கு தம்பி லந்து பண்ணாம கொஞ்சம் ஓரமா உக்காருங்க.

பாண்டி அண்ணே, ஆக்டிவேட் ஆயிருக்குங்கிறது வேற, ஒரிஜினல்ங்கிறது வேற. கடைக்காரர் ரெண்டையும் ஒண்ணா கொழப்பி விடுறாரு. திருட்டு விண்டோஸும் பச்சை டிக் காட்டும், அதுக்குத்தான அந்த கிராக்க, அதாவது காசு கட்டாமலே ஆக்டிவேட் ஆன மாதிரி காட்டுற திருட்டு ப்ரோக்ராம, போடுறதே. அதனால டிக்க பாக்காதீங்க, எந்த வழியில ஆக்டிவேட் ஆயிருக்குன்னு பாருங்க.

மொதல்ல அதே செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பக்கத்துல அந்த ஆக்டிவேஷன் ஸ்டேட்டுங்கிற வரிய தட்டுங்க, கீழ ஒரு வாக்கியம் விரியும். டிஜிட்டல் லைசென்ஸ்னு வருதா, இல்ல உங்க ஆர்கனைசேஷனோட ஆக்டிவேஷன் சர்வீஸ் வழியான்னு வருதான்னு பாருங்க. ரெண்டாவது சொன்னது வந்தா அப்பவே கேள்விதான், தங்கச்சிக்கு ஏது ஆர்கனைசேஷன்?

அடுத்து, கீபோர்டுல விண்டோஸ் பட்டனோட ஆர் எழுத்த சேத்து அமுக்குனா ஓரத்துல ரன்னுன்னு சின்ன பெட்டி வரும். அதுல எஸ்எல்எம்ஜிஆர், அஞ்சு எழுத்தையும் இங்கிலீஷ்ல சேத்து அடிச்சு, ஒரு எடம் விட்டு, சாய்கோடு போட்டு (கேள்விக்குறி இருக்கிற பட்டன்ல உள்ள சாய்கோடு, இன்னொண்ணு இல்ல) ஒட்டி எக்ஸ்பிஆர்னு அடிச்சு என்டர் தட்டுங்க. கொஞ்ச நேரம் எடுக்கும், பதறி திருப்பி திருப்பி தட்டாதீங்க. பெர்மனன்ட்லி ஆக்டிவேட்டட்னு வந்தா ஒரு கட்டம் தாண்டுச்சு. ஏதாச்சும் தேதி போட்டு அன்னைக்கி வரைக்கும்னு வந்தா அது வாடகை வீடு மாதிரி கூட இல்ல, பூட்ட ஒடச்சு குடியேறுன கதை.

அப்பறம் அதே பெட்டியில எக்ஸ்பிஆருக்கு பதிலா டிஎல்வின்னு அடிங்க. பெருசா ஒரு சன்னல் வரும், மேல டிஸ்கிரிப்ஷன்னு ஒரு வரி இருக்கும், அதுல கடைசியா ஒரு சேனல் பேரு இருக்கும், அதுதான் ஜாதகமே. ஓஇஎம் டிஎம்னு இருந்தா கம்பெனியிலேயே மதர்போர்டுக்குள்ள எழுதி அனுப்புன லைசென்ஸ். ரீட்டெய்ல்னு இருந்தா தனியா வாங்குனதா இருக்கலாம், இன்னும் நோண்டணும். வால்யூம்னு ஆரம்பிச்சா அது ஆபீசு, காலேஜுன்னு மொத்தமா வாங்குறவங்களுக்கு உள்ளது, வீட்டு லேப்டாப்புல அதுக்கு சோலி இல்ல. பார்ஷியல் ப்ராடக்ட் கீன்னு, அதாவது விண்டோஸோட 25 எழுத்து லைசென்ஸ் நம்பர்ல கடைசி அஞ்சு எழுத்து வரும், அத மட்டும் இங்க சொல்லுங்க, ஸ்கிரீன்ஷாட்ட முழுசா போட்டுறாதீங்க.

உசிலை_பாண்டி

பாத்தேண்ணே. ஆர்கனைசேஷன்னுதான் வருது. எக்ஸ்பிஆர் அடிச்சதுக்கு வால்யூம் ஆக்டிவேஷன் எக்ஸ்பயர்னு அடுத்த வருசத் தேதி ஒண்ணு காட்டுது, இன்னைலருந்து எண்ணுனா ஆறு மாசத்துக்கு கொஞ்சம் கம்மியா வருது. டிஎல்வில வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்னு போட்டுருக்கு, கடைசி அஞ்சு எழுத்து டி83ஜிஎக்ஸ். கேஎம்எஸ் மெஷின் நேம்னு ஒரு எடத்துல 127.0.0.2ன்னு நம்பர் மாதிரி கெடக்கு. இது என்ன கணக்கு? ஆறு மாசங்கழிச்சு லேப்டாப் நின்னு போயிருமா?

லேப்_தமிழரசி

பாண்டி அண்ணா, நான் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு காலேஜுல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிறேன், இந்த கேஎம்எஸ் எங்களுக்கு தெனமும் பாக்குற விசயம், அதனால இத நான் சொல்றேன்.

கேஎம்எஸ்ங்கிறது திருட்டு கிடையாது, மைக்ரோசாப்ட்டே பெரிய இடங்களுக்கு குடுக்குற முறை. நூத்துக்கணக்குல மெஷின் வச்சிருக்கவங்க ஒவ்வொண்ணுக்கும் கீ அடிச்சிட்டு இருக்க முடியாதுல்ல, அதனால உள்ளேயே ஒரு சர்வர் வச்சுக்குவாங்க, எல்லா மெஷினும் அதுகிட்ட போய் ஆஜர் சொல்லும். குறைஞ்சது 25 மெஷினாச்சும் கேட்டாத்தான் அந்த சர்வர் விண்டோஸுக்கு ஆக்டிவேஷனே குடுக்கும். குடுக்குறதும் 180 நாளைக்கு, நடுவுல ஏழு நாளைக்கு ஒருக்கா மெஷின் தானா போய் புதுப்பிச்சுக்கும். அதான் உங்களுக்கு ஆறு மாசக் கணக்கு. காலேஜ விட்டு மெஷின் வெளிய போயிருச்சுன்னா 180 நாள்ல காலாவதி ஆயிரும், அந்த பாதுகாப்புக்குத்தான் இப்டி வச்சிருக்காங்க.

டி83ஜிஎக்ஸ்னு முடியிற கீ யாரோட ரகசியமும் இல்ல, மைக்ரோசாப்ட் தன்னோட பக்கத்துலயே எல்லாரும் பாக்க போட்டுருக்கிற ப்ரோவுக்கான பொது கீ. அந்த கீ மட்டும் லைசென்ஸ் ஆகாது, பின்னாடி காசு கட்டுன சர்வர் இருக்கணும். உங்க லேப்டாப்புல சர்வர்னு காட்டுற 127ல ஆரம்பிக்கிற நம்பர் என்னன்னா, அந்த மெஷின் தன்னையே குறிக்கிற முகவரி. அதாவது உள்ளேயே ஒரு பொய் சர்வர் ப்ரோக்ராம உக்கார வச்சு, தானே கேட்டு தானே தலையாட்டிக்குது. அது ஒழுங்கா ஓடுற வரைக்கும் 180 நாள் திரும்ப திரும்ப புதுசாகும். அதனால நின்னெல்லாம் போகாது. ஓட்டம் நின்னுச்சுன்னா ஓரத்துல ஆக்டிவேட் பண்ணுன்னு நெழல் மாதிரி எழுத்து வரும், வால்பேப்பர் மாத்த விடாது, அவ்ளோதான்.

எனக்கு பயமே வேற எடத்துல. அந்த பொய் சர்வர விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபென்டர் ஹேக்டூல்னு பிடிச்சுரும். பிடிக்காம இருக்கணும்னா போடுறவங்க டிஃபென்டருக்குள்ள போயி எக்ஸ்க்ளூஷன்னு ஒரு விதிவிலக்கு எழுதி வச்சிருப்பாங்க, சில பேரு மொத்த சி டிரைவையே எழுதிருவாங்க. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அங்க கடைசியில எக்ஸ்க்ளூஷன்ஸ். போய் பாருங்க. அதுல ஏதாச்சும் இருந்தா அந்த மெஷின்ல பேங்க் பாஸ்வேர்டு, ஆதார், தங்கச்சியோட ஸ்காலர்ஷிப் லாகின் எதையும் அடிக்க வேணாம்னு சொல்லிருங்க, சரி பண்ற வரைக்கும்.

உசிலை_பாண்டி

அக்கா, சி டிரைவு மொத்தமும் எழுதித்தான் இருக்கு. தங்கச்சிய உடனே மூடி வைக்க சொல்லிட்டேன், அதுக்கு இப்ப என் மேலதான் கோவம்.

கோரிப்பாளையம்_கிங்

அக்கா ரொம்ப பயமுறுத்துறீக. நானெல்லாம் வருசக்கணக்கா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல. மைக்ரோசாப்ட்டுக்காரன் உசிலம்பட்டிக்கு வந்தா பாக்கப் போறான்.

லேப்_தமிழரசி

யாரும் வரமாட்டாங்க தம்பி, அதுல நான் சண்டைக்கு வரல. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு, 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல 63பி பிரிவு தெரிஞ்சே திருட்டு ப்ரோக்ராம கம்ப்யூட்டர்ல ஓட்டுறதுக்குன்னே எழுதியிருக்கு, ஏழு நாள்லருந்து மூணு வருசம் வரைக்கும் ஜெயில், 50,000லருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். வியாபாரத்துக்கு இல்லன்னா ஜெயில் இல்லாம அபராதத்தோட விடலாம்னும் அதுலயே இருக்கு. கடை வச்சிருக்கவங்க யோசிக்க வேண்டியது.

அத விடுங்க. அண்ணா லேப்டாப்புக்கு காசு கட்டுனாரு, அதுல விண்டோஸுக்கும் சேத்து கட்டியிருந்தா? கட்டுன காசுக்கு உள்ளத எடுத்துட்டு திருட்டு சரக்க வச்சு அதுக்கும் 1500 வாங்கியிருக்காங்கன்னா அது உங்களுக்கு கோவமா இல்லையா?

சிம்மக்கல்_சர்வீஸ்

அக்கா கரெக்டா அந்த எடத்துக்கு வந்துட்டாங்க. இப்ப பாக்க வேண்டியது பெட்டியோட என்ன வந்துச்சுன்னுதான்.

பாண்டி அண்ணே, லேப்டாப்ப கவுத்து போட்டு அடியில கீ எழுதுன ஸ்டிக்கர் தேடாதீங்க, நெறைய பேரு அது இல்லன்னு பயந்து போயி வர்றாங்க. 25 எழுத்து அச்சடிச்ச ஸ்டிக்கர் எல்லாம் விண்டோஸ் 7 காலத்தோட போச்சு. 2012ல விண்டோஸ் 8 வந்ததுலருந்து கம்பெனிக்காரங்க கீய மதர்போர்டுலயே இருக்கிற பயாஸுங்கிற ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதி அனுப்புறாங்க. எம்எஸ்டிஎம்னு ஒரு எடம், அதுல உக்காந்துருக்கும். ஹார்டு டிஸ்க்க மாத்துனாலும், ஃபார்மட் அடிச்சாலும், கடைக்காரர் ப்ரோ போட்டாலும் அந்த கீ அப்டியே இருக்கும், அழியாது. அதான் உங்களுக்கு இருக்கிற நல்ல செய்தி.

அத பாக்குறதுக்கு பவர்ஷெல்ல கமாண்டு இருக்கு, நீளமா இருக்கும், ஒரு எழுத்து மாறுனாலும் செவப்பா திட்டும். முன்னாடி எல்லாரும் சொல்லிக் குடுத்துட்டு இருந்த டபிள்யூஎம்ஐசி கமாண்டு 11ஓட புது பதிப்புல தானா வர்றதில்ல, அத நம்பி உக்காராதீங்க. சுலுவான வழி, மைக்ரோசாப்ட் ஸ்டோர்ல ஷோகீபிளஸ்னு ஓசி ஆப் இருக்கு, ஸ்டோர்லருந்து மட்டும் எறக்குங்க, கூகுள்ல தேடி கண்ட எடத்துல எறக்காதீங்க. தெறந்தா இப்ப ஓடுற கீ ஒரு வரியில, ஓஇஎம் கீ இன்னொரு வரியில, அது எந்த எடிஷனுக்குன்னும் காட்டும். ஓஇஎம் வரி காலியா இருந்தா அது டாஸ் மாடல், இல்ல லினக்ஸ் மாடல், பெட்டியோட விண்டோஸே வரல, அப்ப கடைக்காரர திட்டுறதுல பாதி நியாயம் கொறஞ்சிரும். பெட்டி மேல ஒட்டியிருக்கிற லேபிளயும் பாருங்க, அதுலயே ஓஎஸ்னு எதிர்ல எழுதியிருக்கும். பெட்டிய தூக்கி போட்டுறலையே?

உசிலை_பாண்டி

பெட்டி பரண்ல இருந்துச்சு. லேபிள்ல வின் 11 ஹோம் எஸ்எல்னு சின்னதா அடிச்சிருக்கு, பக்கத்துல ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்னும் இருக்கு. அந்த ஆப்புலயும் ஓஇஎம் கீன்னு முழுசா 25 எழுத்தும் வருது, எடிஷன் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்ங்குது. மச்சான் சொன்னது சரியாத்தான் இருக்கு போல. இத ஏண்ணே அழிக்கணும், காசு கட்டுன பொருள்தான?

சிம்மக்கல்_சர்வீஸ்

இதத்தான் எதிர்பாத்தேன். இந்தியாவுல வர்ற வீட்டு லேப்டாப்புல பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்தான் வரும். கடையில ஏன் மாத்துறாய்ங்கன்னா, எல்லா சாப்ட்வேரையும் ஏத்தி ஒரு இமேஜ், அதாவது மொத்தத்துக்கும் ஒரே நகல், செஞ்சு பென்டிரைவ்ல வச்சிருப்பாய்ங்க, ப்ரோவுலதான் அது இருக்கும், எந்த லேப்டாப் வந்தாலும் கண்ண மூடிட்டு அத அடிச்சா இருவது நிமிசத்துல முடிஞ்சுரும். ஒவ்வொருத்தருக்கும் தனியா உக்காந்து மைக்ரோசாப்ட் அக்கவுண்டு போட்டு அப்டேட் விட்டு செட் பண்ண ஒரு மதியம் போயிரும். கஸ்டமரும் ப்ரோன்னா ஒசத்தின்னு நெனைக்கிறாரு, ஹோம்னா ஏதோ கொறஞ்ச சரக்குன்னு. வேகத்துல ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாது. வேற மெஷின்லருந்து ரிமோட் டெஸ்க்டாப்புல உள்ள வர்றது, குரூப் பாலிசி, ஆபீசு டொமைன்ல சேர்றது, இதுக்குத்தான் ப்ரோ. தங்கச்சிக்கு இதுல ஒண்ணும் தேவப்படாது. சிங்கிள் லாங்குவேஜ்னா மெனு எழுத்து ஒரே மொழியில இருக்கும்னு அர்த்தம், தமிழ்ல டைப் அடிக்க ஒரு தடையும் இல்ல, தமிழ்99ம் இருக்கு போனெட்டிக்கும் இருக்கு.

இத சும்மா கீய மாத்தி சரி பண்ண முடியாது அண்ணே. ப்ரோவுல உக்காந்துட்டு ஹோம் கீ போட்டா ஏத்துக்காது. ரீசெட் திஸ் பிசின்னு ஒண்ணு இருக்கும், அத அமுக்குனாலும் திரும்ப ப்ரோவேதான் வரும். கிராக் ஓடுன மெஷின நான் தொடச்சு எடுத்து வச்சுக்க சொல்லமாட்டேன், மொத்தமா அழிச்சு புதுசா போடுறதுதான் சரி. ரெண்டு வழி. ஹெச்பி, டெல், லெனோவா இவங்க மூணு பேரும் ரெக்கவரி பென்டிரைவ் செய்யிறதுக்கு தங்களோட டூல் தர்றாங்க, மாடல் இல்லாட்டி சீரியல் நம்பர் கேட்கும், கம்பெனியில வந்தப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே டிரைவரோட (வைஃபை, டிஸ்க்கு மாதிரி பாகங்கள ஓட்டுற சின்ன ப்ரோக்ராம்) திரும்பி வரும். கெடச்சா இதுதான் பெஸ்ட்டு. இல்லாட்டி மைக்ரோசாப்ட் பக்கத்துலருந்து மீடியா கிரியேஷன் டூல் எறக்கி 8 ஜிபி பென்டிரைவ்ல ஏத்தி அதுலருந்து போடலாம். இன்ஸ்டால் ஆகும்போது பயாஸ்ல இருக்கிற கீய அதுவே படிச்சு ஹோம் சிங்கிள் லாங்குவேஜ கேக்காமலே போட்டுக்கும், நெட்டு கெடச்சதும் தானா ஆக்டிவேட் ஆயிரும், நீங்க ஒரு எழுத்து அடிக்க வேணாம்.

இதுல மாட்டுற எடம் ஒண்ணு ரெண்டு சொல்லிர்றேன். இன்ஸ்டால் பண்ற பென்டிரைவ வேற சுத்தமான கம்ப்யூட்டர்ல செஞ்சு கொண்டு வாங்க, கிராக் ஓடுற மெஷின்லயே செய்யாதீங்க. இன்டெல் 11வது தலைமுறையும் அதுக்கு மேலயும் உள்ள லேப்டாப்புல சில சமயம் டிஸ்க்கே இல்லன்னு காட்டும், டிஸ்க்கு போச்சுன்னு அலறிக்கிட்டு என்கிட்ட ஓடி வருவாங்க, ஒண்ணுமில்ல, ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர கம்பெனி பக்கத்துலருந்து எறக்கி அதே பென்டிரைவ்ல போட்டு லோட் டிரைவர் குடுத்தா டிஸ்க்கு தெரியும். வைஃபை டிரைவரும் கூட எறக்கி வச்சிருங்க, நெட்டு இல்லாம முதல் செட்டிங்ஸ் தாண்டாது. தங்கச்சி ஏதாச்சும் ஃபைல் சேத்து வச்சிருந்தா வேர்டு ஃபைலு, படம் மட்டும் எடுத்துக்கோங்க, கடைக்காரர் போட்ட செட்டப் ஃபைலு ஒண்ணையும் எடுத்துட்டு வராதீங்க.

மேலூர்_டிடிபி

இந்த திரட்ட பாத்துட்டு நானும் அடிச்சு பாத்தேன், இப்ப வயித்த கலக்குது. நான் மேலூர்ல டிடிபி கடை வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிக்கை, காதுகுத்து பிளெக்ஸ், ஜிஎஸ்டி ஃபைலிங்ன்னு எல்லாம் உண்டு. அசெம்பிள் பண்ண சிஸ்டம், விண்டோஸ் 11 ப்ரோ கீ மட்டும் ஆன்லைன்ல 399 ரூவாய்க்கு வாங்குனேன், மெயில்ல கீ வந்துச்சு, போட்டதும் ஆக்டிவேட் ஆச்சு. எக்ஸ்பிஆர் அடிச்சா பெர்மனன்ட்னுதான் வருது. டிஎல்வில வால்யூம் எம்ஏகேன்னு இருக்கு. பாண்டி அண்ணனோட மாதிரி தேதியெல்லாம் காட்டல. அப்ப எனக்கு ஓகேதான?

லேப்_தமிழரசி

ஓகே இல்லக்கா. நீங்க அக்காவா அண்ணாவா தெரியல, மன்னிச்சுக்கோங்க.

எம்ஏகேன்னா ஒரு நிறுவனம் மொத்தமா வாங்குன கீ, ஒரே கீய இத்தன மெஷினுக்குன்னு ஒரு கணக்கு வச்சு குடுத்துருப்பாங்க. சர்வர் எல்லாம் வேணாம், ஒருக்கா மைக்ரோசாப்ட்டுக்கிட்டயே நேரா ஆக்டிவேட் ஆயிரும், காலாவதியும் கெடையாது, அதான் பெர்மனன்ட்னு வருது. எந்த ஊரு கம்பெனியோட கீயிலயோ மிச்சம் இருந்த எண்ணிக்கைய யாரோ உருவி 399க்கு உங்களுக்கு வித்துருக்காங்க. உங்க கையில இருக்கிறது ஆக்டிவேஷன், லைசென்ஸ் இல்ல. அந்த கீய மைக்ரோசாப்ட் முடக்கிட்டா அடுத்து எப்பவாச்சும் மறுபடி ஆக்டிவேட் பண்ணும்போது 0எக்ஸ்சி004சி003ன்னு எரர் வந்து நிக்கும், வித்தவன் மெயிலுக்கு பதில் சொல்லமாட்டான். கடைக்குன்னா நான் முன்னாடி சொன்ன பிரிவும் இருக்கு, வியாபாரத்துக்கு ஓட்டுறதுக்கு அதுல சலுகை கெடையாது.

மேலூர்_டிடிபி

அக்காதான் :) அப்ப என்னதான் பண்றது, லினக்ஸுக்கு மாறலாம்னா பேஜ்மேக்கரும் பாமினி ஃபான்ட்டும் இல்லாம எனக்கு பொழப்பு ஓடாது.

சிம்மக்கல்_சர்வீஸ்

மேலூர் அக்கா, அசெம்பிள் சிஸ்டத்துக்கு பயாஸ்ல கீ இருக்காது, தனியாத்தான் வாங்கணும். ரீட்டெய்ல் பெட்டி வாங்குனா நாளைக்கி மதர்போர்டு போச்சுன்னாலும் வேற மெஷினுக்கு மாத்திக்கலாம், பழசுலருந்து எடுத்துட்டு. ஓஇஎம் பேக்கு கொஞ்சம் கம்மியா வரும், ஆனா அந்த மதர்போர்டோட பொறந்து அதோட சாகும். எதுவா இருந்தாலும் ஹோமுக்கே ஆயிரக்கணக்குல ஆகும், 399க்கு நேர் வழியில வர்றதுக்கு வாய்ப்பே இல்ல. பேஜ்மேக்கருக்கு ஹோமே போதும், ப்ரோவுக்கு காச கொட்டாதீங்க. பில்லுல விண்டோஸ்னு தனி வரியா எழுதி வாங்குங்க, ஜிஎஸ்டி நம்பரோட வாங்குனா கட்டுன வரிய இன்புட்டா கழிச்சுக்கலாம், அது உங்களுக்கு தெரியாததா.

இன்னொண்ணு, ரீட்டெய்ல்னு வந்து கடைசி எழுத்து 3வி66டின்னு இருந்தாலும் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வராதீங்க எல்லாரும். அது டிஜிட்டல் லைசென்ஸ்ல ஓடுற நெறைய ப்ரோ மெஷினுக்கு வர்ற பொது கீ. பழைய 7லருந்து 10க்கு நேர்மையா ஓசி அப்கிரேடு போனவங்களுக்கும் அதேதான் காட்டும், ஸ்கிரிப்ட ஓட்டி டிஜிட்டல் லைசென்ஸ களவாண்டவங்களுக்கும் அதேதான் காட்டும். கமாண்டு அடிச்சு ரெண்டையும் பிரிச்சு பாக்க முடியாது. அங்க பில்லுதான் பேசும், இல்ல பயாஸ்ல ப்ரோ கீ இருக்கணும். புது லேப்டாப்புல பயாஸ் ஹோம்னு சொல்லி மேல ப்ரோ ஓடுனா, ப்ரோ அப்கிரேடுக்கு பணம் கட்டுன ரசீது எங்கன்னு கேளுங்க, அவ்ளோதான் பரீட்சை.

உசிலை_பாண்டி

மச்சானயும் கூட்டிட்டு கடைக்கு போனேன். மொதல்ல முடியாதுன்னாய்ங்க, அப்பறம் பெட்டி லேபிளயும் அந்த 127 நம்பர் உள்ள போட்டோவையும் காட்டுனதும் சத்தம் கொறஞ்சுருச்சு. "எல்லாரும் ப்ரோதாண்ணே கேக்குறாய்ங்க"ன்னாரு. நான் கேட்டேனாய்யா? சிரிச்சாரு. 1500ல ஆயிரத்த திருப்பி குடுத்துட்டாரு, மீதிய சர்வீஸ் சார்ஜுங்கிறாரு, போனா போகுதுன்னு விட்டுட்டேன். அவர திரும்ப கைவைக்க விடல, மச்சான் ஆபீஸ்ல ஒருத்தர் அந்த கம்பெனி ரெக்கவரி டூல்லயே பென்டிரைவ் செஞ்சு போட்டு குடுத்தாரு. டிஸ்க்கு தெரியாத கூத்து எல்லாம் நடக்கல. இப்ப எக்ஸ்பிஆர்ல பெர்மனன்ட், டிஎல்வில ஓஇஎம் டிஎம்னு வருது, ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். எக்ஸ்க்ளூஷன் பக்கம் காலி.

ஒரு சந்தேகம், பெட்டியில போட்டுருந்த ஆபீஸ் என்னாச்சு? கடையில போட்டுருந்தது வேற ஏதோ எல்டிஎஸ்சின்னு இருந்துச்சு. இப்ப வேர்ட தெறந்தா சைன் இன் பண்ணுங்குது.

லேப்_தமிழரசி

கடைக்காரர் அந்த ஆபீஸ தொடாம விட்டுருந்தா உங்க அதிர்ஷ்டம். லேப்டாப்போட வர்ற ஆபீஸ் மொதல்ல எந்த மைக்ரோசாப்ட் அக்கவுண்டுல சேக்குறாங்களோ அதோட ஒட்டிக்கும், சில கடையில தங்களோட மெயில் ஐடிய போட்டே எல்லாருக்கும் திறந்து விட்டுருவாங்க, அப்பறம் அது கடைக்காரர் சொத்து. அதனால தங்கச்சியோட சொந்த மெயில் ஐடிய போட்டு சைன் இன் பண்ணுங்க. காலேஜுல குடுத்த ஐடி வேணாம், படிப்பு முடிஞ்சா அத மூடிருவாங்க. இத்தன நாளுக்குள்ள ஆக்டிவேட் பண்ணணும்னு கணக்கு இருக்கும், அதனால தள்ளிப் போடாதீங்க.

அப்டியே அதே அக்கவுண்டுல போயி பிட்லாக்கர் ரெக்கவரி கீன்னு ஒண்ணு ஏறியிருக்கான்னு பாத்து, 48 இலக்க நம்பரு, ஒரு பேப்பர்ல எழுதி பெட்டிக்குள்ளயே போட்டு வச்சிருங்க. புது 11ல ஹோமா இருந்தாலும் டிஸ்க்க தானா பூட்டிக்கும், ஒரு பயாஸ் அப்டேட் வந்து அந்த நம்பர கேட்டா அப்ப தேட முடியாது.

கோரிப்பாளையம்_கிங்

சும்மா எக்ஸ்க்ளூஷன் பக்கம் போயி பாத்தேன். சி டிரைவு, டி டிரைவு ரெண்டும் எழுதியிருக்கு. சிம்மக்கல் அண்ணே, கடை எத்தன மணி வரைக்கும் இருக்கும்?

சிம்மக்கல்_சர்வீஸ்

எட்டரை வரைக்கும் இருப்பேன். வெள்ளிக்கிழம லீவு. சார்ஜர மறக்காம எடுத்துட்டு வாங்க தம்பி.